மடை திறந்தால் வண்டல் போய்விடுமா? ஏரிகளைப் பற்றி அண்மையில் படித்த சில கட்டுரைகள்

கேள்வி: ஏரி, கண்மாய்களைப் பற்றி இணையத்தில் நிறையக் கட்டுரைகள் வருகின்றன. பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்ற முறையில், அண்மையில் நீங்கள் படித்தவற்றில் எவை உங்களை யோசிக்க வைத்தன? எதை நம்பலாம், எதை விடலாம்?

ஓய்வு பெற்றவனுக்குக் காலையில் வேலை இரண்டுதான். ஒன்று நடை. இன்னொன்று, உறவுக்காரர்களும் பழைய சகாக்களும் அனுப்பி வைக்கும் கட்டுரைகளைப் படிப்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாசனப் பிரிவில் இருந்தேன். அதில் பெரும்பகுதி சிவகங்கை, ராமநாதபுரம் சீமைக் கண்மாய்களின் கரைமேல் கழிந்தது. அதனால் ‘கண்மாய்’ என்ற சொல் எந்தக் கட்டுரையில் வந்தாலும் அது எப்படியோ என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. கடந்த சில மாதங்களில் வந்தவை நாற்பதுக்குக் குறையாது. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் கட்டுரைகள் என்னவோ ஐந்தாறுதான். மீதியெல்லாம் அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். முதல் கட்டுரையில் விழுந்த எழுத்துப்பிழை மூன்றாம் தலைமுறையிலும் அப்படியே இருக்கிறது. அதை வைத்தே வம்சாவளி எழுதிவிடலாம்.

அதிகம் வந்தது குமிழித்தூம்பு பற்றியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குமிழித்தூம்பு என்றால் என்ன என்று கட்டுரை நன்றாகவே சொல்கிறது. கரையை ஒட்டி மதகு வைக்காமல், கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஏரியின் உள்வாயில் (தண்ணீர் நிற்கும் பரப்பில்), தரைமட்டத்துக்குக் கீழே கல்லால் ஒரு தொட்டி கட்டுவார்கள். அதை மூடும் பலகைக்கல்லில் ஒரு துளை. அது நீரோடி. தொட்டியின் பக்கத்தில் ஏரித்தரையை ஒட்டிச் சிறுசிறு துளைகள். அவை சேறோடி. தொட்டியிலிருந்து ஒரு சுருங்கை கரைக்கு அடியில் ஓடி வயல் பக்கம் வெளிவரும். நீரோடியை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கப் பக்கத்தில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். கோடையில் வற்றிய ஏரிக்குள் தன்னந்தனியாக நிற்கும் அந்த இரட்டைத் தூண்களைப் பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். பலர் அதை ஏதோ இடிந்த மண்டபம் என்று நினைப்பதுண்டு. கல்லைத் தூக்கினால் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கும். அந்த இழுப்பில் சேறோடி வழியாகச் சேறும் சேர்ந்து போகும். தண்ணீரோடு வண்டலும் வயலுக்குச் சேரும்.

இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. கெட்டிக்காரத்தனமான அமைப்பு. மதகைக் கரையிலேயே வைத்தால் அந்த இடத்தில் கரை பலவீனப்படும். கசிவு தொடங்குவதும் உடைப்பு எடுப்பதும் பெரும்பாலும் அங்கேதான். தொட்டியை உள்ளே தள்ளி வைத்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது. ஆனால் கட்டுரை அதோடு நிற்கவில்லை. ‘இதனால் நம் முன்னோர்களுக்குத் தூர் வார வேண்டிய தேவையே ஏற்படவில்லை, ஏரி தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்டது’ என்று முடிக்கிறது. இந்த வரியைத்தான் எல்லோரும் அடிக்கோடிட்டு அனுப்புகிறார்கள்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியவர்களுக்கு இதில் உள்ள ஓட்டை உடனே தெரியும். அடியில் இருக்கும் அடைப்பை எடுத்துவிட்டால் துளையைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குச் சேறு போகும். மூலையில் படிந்தது மூலையிலேயே இருக்கும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நாம்தான் இறங்க வேண்டும். துளையின் வாயில் தண்ணீருக்கு வேகம் அதிகம், அங்கே அது சேற்றை இழுக்கும். தள்ளிப் போகப் போக வேகம் சட்டென்று செத்துவிடும். ஏரியின் கதையும் அதுதான். தொட்டியைச் சுற்றிச் சில அடி தூரம் சுத்தமாகும். தூம்பு அடைத்துக்கொள்ளாமல் இருக்க அது போதும், அதற்காகத்தான் அந்தத் துளைகளும். இருநூறு முந்நூறு ஏக்கர் உள்வாயில் வரத்துக்கால், அதாவது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய், கொண்டுவந்து கொட்டும் வண்டலுக்கும் அந்தத் துளைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முன்னோர்கள் தூர் வாரவில்லை என்றால் அதற்குக் காசு ஏன் ஒதுக்கினார்கள்? ஏரிப்பட்டி என்று நிலம் விட்டிருக்கிறார்கள். அதன் விளைச்சல் ஏரியின் பராமரிப்புக்கு. ஏரி ஆயம் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. ஏரியில் ஓடம் விட்டு மண் அள்ளவும் அந்த ஓடத்தைச் செப்பனிடவும் பொன் கொடுத்த செய்திகள் கல்வெட்டுகளில் இருக்கின்றன. ஓடத்தில் போய் மண் எடுத்தார்கள் என்றால், வற்றும் வரை காத்திருக்காமல் தண்ணீர் இருக்கும்போதே வேலை நடந்திருக்கிறது என்று பொருள். எனக்கு இது குமிழித்தூம்பை விடப் பெரிய சங்கதியாகத் தோன்றுகிறது. ஆனால் ஓடத்தைப் படம் எடுத்துப் போட முடியாதே. கல் நிற்கிறது, மண் அள்ளிய ஆள் நிற்கவில்லை.

தூம்புக் கட்டுரையின் வாலாகவே இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘மடையன் என்று யாரையும் திட்டாதீர்கள், வெள்ள நேரத்தில் உயிரைப் பணயம் வைத்து மடை திறந்த வீரர்களின் பெயர் அது’ என்று. வெள்ளத்தில் மடை திறக்க இறங்குவது உயிருக்கு ஆபத்தான வேலை என்பதில் ஐயமே இல்லை. சுழலில் கால் மாட்டிக்கொண்டால் ஆள் மேலே வர மாட்டான். அவர்களைக் கொண்டாட வேண்டும் என்பதும் சரி. சொல்லாராய்ச்சிதான் இடிக்கிறது. மடை என்பதற்குச் சோறு என்றும் ஒரு பொருள் உண்டு. கோயில் மடைப்பள்ளி நினைவுக்கு வருகிறதா? பழைய வழக்கில் மடையர் என்றால் சமையற்காரர். திட்டுகிற மடையனோ மடம், மடமை என்ற சொல்லிலிருந்து வந்தவன், அறியாமை. ஓசை ஒன்றாக இருப்பதால் மூன்று பேரையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். மடை திறந்தவர்களுக்கு ஊரில் வழங்கிய பெயர்களே அழகானவை: தெற்கே நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, வட மாவட்டங்களில் கம்புகட்டி. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடைக் களத்தில் குடிகள் அளந்து போடும் நெல்தான் கூலி. அந்த உரிமை நெல்லுக்குச் சுதந்திரம் என்று பெயர். ‘இந்த வருஷம் சுதந்திரம் இன்னும் வரவில்லை’ என்று ஒரு நீர்பாய்ச்சி என்னிடம் முறையிட்டபோது, வேலைக்குப் புதிதாக வந்திருந்த நான் ஒரு கணம் ஆடிப்போய்விட்டேன்.

அடுத்தது உத்திரமேரூர்க் கல்வெட்டு. இந்தக் கட்டுரை எனக்குப் பிடிக்கும், எத்தனை முறை வந்தாலும் படிப்பேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அவனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரித்து, குடும்புக்கு ஒருவராகக் குடத்திலிருந்து ஓலை எடுத்து, பன்னிரண்டு பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம் என்று அமர்த்தினார்கள். கட்டுரைகள் ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்று தலைப்புப் போடுகின்றன. அது பிராமண ஊர்ச்சபை. அங்கே ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். ஏரியில் மண் சுமந்தவர்கள் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே வழியில்லை. அதை மறைத்துவிட்டுப் பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அந்தக் கல்வெட்டில் என்னைப் பிடித்து நிறுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. கட்டுரைகள் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமா? அவனுடைய அப்பன் வழி, தாய் வழி, பெண் கொடுத்த வழி, எடுத்த வழி என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அத்தனை பேரையும் விலக்குகிறார்கள். இந்தப் பட்டியலை எழுதியவர்கள் அனுபவப்பட்டவர்கள். கணக்குக் காட்டாத மாமன் அடுத்த முறை மருமகனை அனுப்புவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரத்துப் பக்கம் ஓர் ஊரில் ஏரிக் காசு காணாமல் போயிருக்கிறது, யாரோ கோபப்பட்டிருக்கிறார்கள், அந்தக் கோபம் கல்லில் நிற்கிறது. நான் பணியில் இருந்தபோது இந்த விதி நடைமுறையில் இருந்திருந்தால் எத்தனை பேருக்கு வீட்டில் உட்கார நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பேன். விடுங்கள், ஓய்வூதியம் வாங்குகிறவன் அதிகம் பேசக் கூடாது.

இங்கிருந்து குடிமராமத்துக்கு வருகிறேன். ‘ஊரே கூடி, மகிழ்ச்சியாக, கூலி வாங்காமல் ஏரியைச் செப்பனிட்ட பொற்காலம், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான்’ என்பது இந்த வகைக் கட்டுரைகளின் சுருக்கம். பாதி உண்மை. வரியை மேலே இழுத்துக்கொண்டு, ஊரில் ஏரிக்கென்று இருந்த வருமானத்தை வெறுமையாக்கியது கம்பெனி ஆட்சி. அதன் பிறகு, மராமத்து நடக்கவில்லையே என்று 1858இல் மதராஸ் மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். அதன் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். உடைப்பு எடுத்தால் ஊர் ஆட்கள் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் தண்டனை. கட்டாயம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததா என்றால் அதுவும் இல்லை. ஏற்கெனவே ஊருக்குள் இருந்ததற்கு அவன் சட்ட உருவம் கொடுத்தான். பழைய நாளில் ஊரே கூடியது என்றால், நிலம் வைத்திருந்தவர் தன் பங்குக்குத் தன் பண்ணையாளை அனுப்பினார். கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றவரும் மண்கூடை சுமந்தவரும் ஒருவர் அல்ல. அந்தக் கூடை சுமந்தவர்களின் பேரன்கள் இப்போது திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ‘குடிமராமத்து ஏன் மறைந்தது’ என்று வருத்தப்படும் கட்டுரைகளில் அவர்கள் ஏன் போனார்கள் என்று ஒரு வரியாவது இருக்க வேண்டாமா?

2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் திட்டத்தை மறுபடி தொடங்கியது. 100 கோடி ரூபாய், முதல் கட்டத்தில் 1,519 பணிகள், பாசனதாரர் பங்கு பத்தில் ஒன்று. நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். இருந்தாலும் போகிற வழியில் சில இடங்களில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். சில ஊர்களில் நன்றாக நடந்தது. சில ஊர்களில் மண் மட்டும் ஊரை விட்டுப் போனது.

வெள்ளைக்காரர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1883இல் அவர்கள் ஏரி மராமத்துத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஏரியையும் அளந்தார்கள். கரையின் நீளம், மடையின் அடிமட்டம், உபரி நீர் வழியும் கலுங்கின் அகலம், நீர்ப்பிடிப்புப் பரப்பு, மேலே எந்த ஏரி, கீழே எந்த ஏரி என்று எழுதி வைத்த அந்த ஏடுகளுக்கு எங்கள் அலுவலகத்தில் டேங்க் மெமாயர் என்று பெயர். தொட்டால் உதிரும் தாள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரிகள் என்று எல்லோரும் எண்ணிக்கை சொல்கிறோம். ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கேட்டால் கடைசியில் அந்தத் தாளைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும். திட்டுகிறபோது திட்டுவோம். அளந்து எழுதியதற்கு ஒரு கும்பிடும் போடலாம்.

கல்லணைக் கட்டுரைகளைச் சுருக்கமாகவே தாண்டுகிறேன், ஏனென்றால் அதில் சண்டைதான் அதிகம். ‘2000 ஆண்டுகளாக அசையாத அணை’ என்று எழுதி, கீழே மதகுகளும் பாலமுமாக ஒரு படம் போட்டிருப்பார்கள். படத்தில் இருப்பது 19, 20ஆம் நூற்றாண்டு வேலை. பழைய கல்லணை என்பது காவிரியிலிருந்து கொள்ளிடத்துக்கு வழியும் பக்கத்தில், சுமார் 329 மீட்டர் நீளத்துக்கு வளைந்து கிடக்கும் கற்கட்டு. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை ‘காடு கொன்று நாடாக்கிக் குளம் தொட்டு வளம் பெருக்கி’ என்கிறது. காவிரிக்கு அவன் கரை எடுத்த பெருமையைப் பிற்காலச் செப்பேடுகள் பேசுகின்றன. மணலில் கல்லை அமிழவிட்டு, அமிழ அமிழ மேலே அடுக்கி, அடித்தளம் பிடிக்கும் வித்தையை இங்கிருந்துதான் கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே ஒப்புக்கொண்டார். அதை வைத்து அவர் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். அந்த மேலணையில் கொள்ளிடப் பக்கம் 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. உடனே ‘கரிகாலன் கட்டியது நிற்கிறது, காட்டன் கட்டியது விழுந்தது’ என்று ஒரு கட்டுரை. கல்லணையை ஒவ்வொரு தலைமுறையும் தொட்டு, திருத்தி, மணல்போக்கி வைத்து, கல் அடுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. 1830களில் தொட்டார்கள், 1934இல் மேட்டூர் அணையோடு கல்லணைக் கால்வாய் வந்தபோது தொட்டார்கள். அதனால் நிற்கிறது. ‘அசையாமல்’ என்ற சொல் அங்கே வேலை செய்த அத்தனை பேரையும் அழித்துவிடுகிறது என்பதுதான் என் எரிச்சல்.

இனி, சீமைக் கருவேலம். இதில் மட்டும் என் வீட்டிலேயே இரண்டு கட்சி. ‘இந்த மரம் 175 அடி ஆழத்துக்கு வேர் விட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, காற்றின் ஈரத்தையும் உறிஞ்சுகிறது, இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும், மழையைத் துரத்துகிறது’ என்று வரிசையாகப் போகும் கட்டுரை. ஒன்று கவனியுங்கள்: 170 இல்லை, 180 இல்லை, 175. இப்படித் துல்லியமான எண் வந்தால் அதற்கு எங்கோ ஒரு வேர் இருக்கும். தேடினேன், கிடைத்தது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகருக்கு அருகே, திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றில் இந்தப் பேரினத்தைச் சேர்ந்த மரத்தின் வேர்கள் 53 மீட்டர் ஆழத்தில் தென்பட்டன. 1963இல் அது ஓர் ஆய்விதழில் பதிவானது. 53 மீட்டரை அடியாக்கினால் ஏறக்குறைய 175. பாலைவனத்தில், ஒரு சுரங்கத்தில், ஓர் இடத்தில் கண்ட அதிசயம். நம் ஊர்க் கரிசல் கண்மாயில் நிற்கும் ஒவ்வொரு கருவேலத்துக்கும் அதே நீள வேரைக் கட்டிவிட்டோம்.

மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது வரத்துக்காலை அடைத்துக்கொள்கிறது, கலுங்கை மறைக்கிறது, கரையில் வேர்விட்டுக் கரையைக் கெடுக்கிறது, வேறு செடியை முளைக்க விடுவதில்லை. நீர்நிலைகளில் அதை வேரோடு பிடுங்க வேண்டும், சந்தேகமே வேண்டாம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும் மாவட்டம் முழுவதும் இயந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் அதற்கு இடைக்காலத் தடை வந்தது. அந்த இடைவெளியில் மரம் பிடுங்கிய ஊர்களில் பின்னர் இரண்டு வகையைப் பார்த்தேன். பிடுங்கிய பிறகு வரத்துக்காலையும் சீர் செய்த ஊர்களில் தண்ணீர் நின்றது. மரம் திரும்பி வருவது குறைந்தது. பிடுங்கியதோடு விட்ட ஊர்களில் இரண்டே ஆண்டில் முன்னைவிட அடர்த்தியாக முளைத்துவிட்டது. ஆண்டில் ஆறு மாதம் தண்ணீர் நிற்கும் கண்மாய்க்குள் அதன் நாற்று எளிதில் பிழைப்பதில்லை என்பது என் அனுபவம். கண்மாய் வற்றியதால் கருவேலம் வந்தது என்று சொல்லலாம். கருவேலம் வந்ததால்தான் கண்மாய் வற்றியது என்று சொல்லிவிட்டால் வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, மரத்துக்கு வாய் இல்லை.

இந்த மரத்தைக் கொண்டுவந்தது யார் என்பதிலும் கட்சிக்கு ஒரு கதை. அவரவர்க்குப் பிடிக்காத தலைவர் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். 1870களின் இறுதியிலேயே மதராஸ் மாகாண வனத்துறை விதை வரவழைத்து, கடப்பைப் பக்கம் விதைத்துவிட்டது. வறண்ட நிலத்துக்கு விறகு வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியதை மறுக்க முடியாது. ராமநாதபுரத்தில் மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை என்று அந்தப் பக்கம் போனால் தெரியும். மழை பொய்த்த ஆண்டில் அந்த ஊர்களில் அடுப்பு எரிந்தது இந்த மரத்தால். விவசாயம் கைவிட்ட நிலத்தில் அது கூலி கொடுத்திருக்கிறது. இதை எழுதினால் ‘இவர் கரி வியாபாரியின் ஆள்’ என்று என் மைத்துனரே சொல்வார்.

சென்னை ஏரிகள் பற்றிய கட்டுரைகளும் வந்தன. மாம்பலத்து நீண்ட ஏரியை 1920களில் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில் லயோலா கல்லூரி 1925இல் வந்தது. மிஞ்சியதில் பின்னர் வள்ளுவர் கோட்டம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் எங்கே என்று கேட்கக் கூடாது. தகவல்கள் சரி. தொனிதான் விளங்கவில்லை. ஏதோ எதிரி வந்து ஏரியைத் திருடிக்கொண்டு போனது போல எழுதுகிறார்கள். அந்த வீடுகளில் இருப்பது நாம்தான்.

ஏரிப் பாசனப் பரப்பு 1960களில் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேராக இருந்து இன்று அதில் பாதிகூட இல்லை. இதற்குக் கட்டுரைகள் ஆக்கிரமிப்பையும் அதிகாரிகளையும் காரணம் சொல்கின்றன. இரண்டும் உண்மை, அதிகாரியாக இருந்தவன் சொல்கிறேன். யாரும் எழுதாத ஒன்று கிணறு. ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல்பரப்பில், வசதியுள்ளவர் மோட்டார் வைத்தார். 1980களிலிருந்து படிப்படியாக மின்சாரமும் இலவசமானது. தன் கிணற்றில் தண்ணீர் வந்த பிறகு அவருக்கு மடை எப்போது திறக்கிறது என்ற கவலை இல்லை. ஊர்க்கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். வரி கொடுக்கவும் வழக்குத் தீர்க்கவும் செல்வாக்கு உள்ளவர் அவர்தான். அவர் வராத கூட்டம் இரண்டு ஆண்டில் கலைந்தது. கிணறு இல்லாத சிறிய விவசாயி மட்டும் மடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதில் வில்லன் யாரும் இல்லை, அதனால்தான் கட்டுரை ஆகவில்லை போலிருக்கிறது.

எனக்கு இந்தப் பாடத்தை எல்லாம் சொல்லிக் கொடுத்தவர் ஒரு நீர்பாய்ச்சி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, 1980களின் நடுப்பகுதி. நல்ல மழை பெய்தும் மூன்று ஆண்டுகளாக நிறையாத கண்மாய் ஒன்று. நான் போய்ப் பார்த்து, கரையைப் பலப்படுத்த, மடையைப் புதுப்பிக்க, உள்வாயைத் தூர் வார என்று பெரிய மதிப்பீடு தயாரித்து வைத்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ‘ஐயா, கொஞ்சம் நடக்க முடியுமா?’ என்றார். வரத்துக்கால் வழியே மூன்று கிலோமீட்டர் மேலே கூட்டிக்கொண்டு போனார். அங்கே புதிதாகப் போட்ட சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம். தோள் துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, ‘தண்ணீர் இதைத் தாண்டாது ஐயா’ என்றார். எனக்குக் கோபம் வந்தது. குழாயின் விட்டத்தைக் கணக்குப் போட்டு, இந்த வெள்ளம் தாராளமாகப் போகும் என்று விளக்கினேன். அவர் கையை நீட்டிப் பாலத்துக்கு மேற்குப் புறத்தில் வேலிச் செடிகளைக் காட்டினார். போன மழையில் தண்ணீர் நின்ற நுரைக்கோடு இலைகளில் காய்ந்து ஒட்டியிருந்தது.

மறுநாள் மட்டக்கருவியோடு போய் அளந்தேன். குழாயின் அடிமட்டம், மெமாயரில் எழுதியிருந்த கால்வாய்த் தரைமட்டத்தைவிட ஒன்றேகால் அடி உயரத்தில் இருந்தது. மலைப்பக்கத்தில் ஒன்றேகால் அடி ஒன்றுமே இல்லை. அந்தச் சீமையில் நிலத்தின் சாய்வு மிகக் குறைவு. தண்ணீர் குழாய் வாய்க்கு ஏறுவதற்கு முன்பே பக்கவாட்டில் ஒதுங்கி, ஒரு ஓடையைப் பிடித்துக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் விட்டத்தைப் பார்த்தேன், அது படுத்திருக்கும் மட்டத்தைப் பார்க்கவில்லை. என் மதிப்பீட்டின்படி வேலை நடந்திருந்தால், ஒரு சொட்டும் வந்து சேராத கண்மாயை நன்றாக ஆழப்படுத்தியிருப்போம்.

சாலை வேறு துறையுடையது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் எங்களுடையது, அதற்குக் குறைந்தது ஒன்றியத்துடையது, நடுவில் குறுக்கே போகும் சாலை இன்னொருவருடையது. தண்ணீருக்கு இதெல்லாம் தெரியாது. கடிதம் போய்க் கடிதம் வந்து, பாலத்தை இறக்கிக் கட்ட இரண்டு ஆண்டுகள் ஆகின. அதற்கு இடையில் ஒரு மழை இரவில் சாலையின் ஓரம் வெட்டப்பட்டு, கண்மாய் முக்கால் அளவு நிறைந்தது. ‘அடையாளம் தெரியாத நபர்களால் சாலை சேதப்படுத்தப்பட்டுள்ளது’ என்று அறிக்கை எழுதியவன் நான்தான். அன்று காலையில் பெரியவர் எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். இருவரும் சாலையைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே ஒரு கட்டுரையை நம்பலாமா என்று கேட்டால், அதில் வரத்துக்கால் வருகிறதா என்று முதலில் பார்ப்பேன். வரவில்லை என்றால் எழுதியவர் கண்மாயைக் கரையிலிருந்து மட்டும் பார்த்திருக்கிறார். அடுத்து, வேலையைச் செய்தவருக்குக் கூலி யார் கொடுத்தது, எடுத்த மண் எங்கே போனது, கணக்கை யார் பார்த்தது என்று தேடுவேன். எண் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டுவேன். 175 அடி தோண்ட வேண்டியிருக்காது, பெரும்பாலும் மேலேயே கிடைத்துவிடும்.

அண்மையில் படித்ததில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது ஒரு சின்னக் கட்டுரை. அதை யாரும் எனக்கு அனுப்பவில்லை; வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. ஓர் ஊர் இளைஞர்கள் தங்கள் கண்மாயைச் சீர் செய்த கதை. முன்னோர் பெருமை ஒரு வரிகூட இல்லை. ஜேசிபி வாடகை மணிக்கு இவ்வளவு, எத்தனை மணி ஓடியது, டீசல் யார் போட்டது, எந்த நாள் ஆள் வரவில்லை, கண்மாயில் அள்ளிய கரம்பை மண் யார் வயலுக்கு எத்தனை டிராக்டர் போனது, அதில் வந்த சண்டை எப்படித் தீர்ந்தது என்று ரசீதுகளோடு போட்டிருந்தார்கள். கடைசிப் பத்தியில், ‘இவ்வளவு செய்தும் ஐப்பசி மழையில் பாதிதான் நிறைந்தது, ஏன் என்று தெரியவில்லை’ என்று எழுதி நிறுத்தியிருந்தார்கள்.

அன்றே அவர்களுக்கு எழுதினேன். வரத்துக்காலில் எத்தனை இடத்தில் சாலை குறுக்கே போகிறது, ஒவ்வொரு குழாயின் அடிமட்டமும் என்ன என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நான்கு இடங்களாம். மட்டம் பார்க்கக் கருவி இல்லை, வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தார்கள். கருவி வேண்டாம், ஊர்க் கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயும் இரண்டு குச்சியும் போதும், அளக்கப் போகும்போது ஊரில் வயதான நீர்பாய்ச்சி யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.